ரூம் யார் பேரில்? பெரியப்பா நீட்டும் முத்திரைத்தாள்

தாராவியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அக்காவும் அத்தானும் இப்போது இல்லை. அத்தான் போய் ஏழு வருஷம் ஆகிறது. அக்கா போன வருஷம் இறந்தார். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு டிபி என்றும் இன்னொருவருக்கு மஞ்சள் காமாலை என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு 16 வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள், அவளுக்குத் தொற்று இல்லை. தம்பிக்கு 9 வயது. அவனுக்குத் தொற்று உண்டு, சயான் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். கடிதம் எழுதியவர் மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கிறார். கணவர் தோல் பட்டறைத் தொழிலாளி. சொந்த மகனுக்கு 5 வயது. இவர்களோடு மாமியாரும் இருக்கும் ஒற்றை ரூமில்தான் அக்கா பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அக்காவின் ரூம் அடுத்த சந்தில் பூட்டிக் கிடக்கிறது. தாராவியை இடித்துப் புது ஃபிளாட் கட்டித் தரும் திட்டத்துக்கான சர்வேயில் அதை யார் பேரில் எழுதுவது என்பதுதான் பிரச்சினை. குடிசைவாசிக்கு அரசு தரும் அடையாள அட்டையான போட்டோ பாஸ் அத்தான் பேரில். 1996-ம் வருஷத்து கரன்ட் பில்லும் இருக்கிறது. கல்யாணில் சொந்த வீட்டில் இருக்கும் அத்தானின் அண்ணன், அதாவது பிள்ளைகளின் பெரியப்பா, இப்போது வாராவாரம் வருகிறார். "செத்தவன் பேரிலும் சின்னப் பிள்ளைகள் பேரிலும் சர்வேயில் எழுத மாட்டான், என் பேரில் எழுதிக்கலாம், பின்னாடி பிள்ளைகளுக்கே கொடுத்துடறேன்" என்கிறார். முத்திரைத்தாள் தயாராக இருக்கிறது. அதில் சித்தியும் மூத்தவளும் கையெழுத்துப் போட வேண்டுமாம். "நல்லாப் படிக்கிற பொண்ணு, கையெழுத்து அழகாப் போடுவா" என்று சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினாராம். சின்னவனை 'நோய்ப் பிள்ளைகளுக்கான ஹாஸ்டல்' ஒன்றில் விட்டுவிடலாம், மூத்தவளுக்கு வைகாசியில் ஊரில் கல்யாணம் முடித்துவிடலாம் என்பதும் அவர் யோசனைதான். மறுத்தால், பையனுக்கு என்ன நோய் என்று சந்து முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று ஒரு மிரட்டலும் விட்டிருக்கிறார்.

சகோதரியின் கேள்விகள்: ரூமை எப்படிக் காப்பாற்றுவது? அரசாங்கத்திடம் போனால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களா? சின்னவனைத் தத்து எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? பள்ளிக்கூடத்தில் சொல்ல வேண்டுமா? அவனிடமே எப்படிச் சொல்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். மூத்தவளையும் போட விடாதீர்கள். வெற்றுத்தாள், முத்திரைத்தாள், "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்து" எதுவாக இருந்தாலும் வேண்டாம். "வக்கீலிடம் கேட்டிருக்கிறோம், பதில் வரட்டும்" என்று என் மேல் பழியைப் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் நோயைப் பற்றிய பயம்தான். அதைப் படித்தபோது எனக்குப் பயம் வந்த இடம் வேறு. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் ஆரம்பித்த மையங்களில் நம் ஜே.ஜே. ஆஸ்பத்திரியும் ஒன்று. நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிற 9 வயதுப் பையன் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துவதற்கு இன்று மருத்துவத்தில் தடையில்லை. அவனையும் அவன் அக்காவையும் தெருவில் நிறுத்தக்கூடிய சாமான் பெரியப்பாவின் பையில்தான் இருக்கிறது.

ரூமில் யாருக்கு எவ்வளவு

தாராவியில் மண் நம்முடையது இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அத்தானுக்கு இருந்தது அந்த ரூமும் அதில் குடியிருக்கும் உரிமையும். அந்த உரிமை அவரோடு செத்துவிடவில்லை, வாரிசுகளுக்கு இறங்கியிருக்கிறது. நீங்கள் இந்துக் குடும்பம் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணக்குப் போடுகிறேன். அத்தான் உயில் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

ரூமை எட்டுப் பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தான் இறந்தபோது அவருடைய மனைவி, மகள், மகன், அம்மா ஆகிய நாலு பேரும் முதல் வகுப்பு வாரிசுகள். ஆளுக்கு 2 பங்கு. பின்னால் உங்கள் அக்கா இறந்தபோது அவருடைய 2 பங்கு பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றாகப் போனது. இப்போது மூத்தவளுக்கு 3, சின்னவனுக்கு 3, ஊரில் இருக்கும் பாட்டிக்கு 2. பெரியப்பாவுக்குப் பூஜ்யம். முதல் வகுப்பில் ஒருவர் உயிரோடு இருந்தாலும் கூடப் பிறந்தவர்களுக்கு ஒன்றும் வராது. "மூத்த ஆண் நான்தான்" என்ற பேச்சுக்குக் கல்யாண வீட்டுப் பந்தியில் மரியாதை கிடைக்கலாம், இந்தக் கணக்கில் கிடையாது.

பாட்டியின் பங்கை நீங்கள் கடிதத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெரியப்பா எடுத்திருப்பார். பாட்டியிடம் கைநாட்டு வாங்கி அந்த 2 பங்கை அவர் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள முடியும், அதைத் தடுக்க நம்மால் முடியாது. பாட்டி எதுவும் எழுதாமல் போனாலும் அவர் பங்கில் பெரியப்பாவுக்கு ஒரு பாகம் வரும், இறந்த மகனின் பிள்ளைகள் என்ற முறையில் அக்கா பிள்ளைகளுக்கும் வரும். அதனால் பாட்டியைப் பகைக்காதீர்கள். போனில் பேரனைப் பேச வையுங்கள். எட்டில் இரண்டை வைத்துக்கொண்டு எட்டையும் கேட்க முடியாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

"நோய்ப் பிள்ளைக்குச் சட்டப்படி சொத்து வராது" என்று பெரியப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சட்டம் நேர்மாறாகச் சொல்கிறது. எந்த நோயோ ஊனமோ காரணமாக ஒருவர் வாரிசுரிமையை இழக்க மாட்டார் என்பது அதே சட்டத்தின் 28-வது பிரிவு.

அடுத்தது கையெழுத்து. 16 வயதுப் பெண் போட்டுத் தரும் ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. நீங்கள் பிள்ளைகளை வளர்க்கிறீர்கள் என்பதற்காக அவர்கள் சொத்தை எழுதிக் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு வந்துவிடாது. அதையும் 1956-ம் வருஷத்து இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 11-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இரண்டு கையெழுத்தும் செல்லாது என்றால் அவர் ஏன் கேட்கிறார்? சர்வே மேசையில் காட்டத்தான். அங்கே இருப்பவர் சட்டப் பிரிவைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார், குடும்பத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள் என்று எழுதிக்கொள்வார். நாளைக்கு மூத்தவள் 18 முடிந்த பிறகு கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அதற்குள் சந்தே இடிக்கப்பட்டு, புது ஃபிளாட் பெரியப்பா பேரில் வந்திருந்தால் அவள் எதன் மேல் வழக்குப் போடுவது?

தாராவி சர்வே 2024 மார்ச்சில் ஆரம்பித்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே உள்ள தரைத்தள வீட்டுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம் என்பது அறிவித்திருக்கும் விதி. அதற்குப் பிறகு, 2011 ஜனவரி 1-க்குள் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதற்கும் இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்த்தால், அந்த 1996 கரன்ட் பில் என்ன விலை பெறும் என்று உங்களுக்கே புரியும். பெரியப்பாவின் பாசம் திடீரென்று பெருகியதற்குக் காரணமும் புரியும்.

அதனால் செய்ய வேண்டியது இது. அந்த பில், போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, இருவரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலும் உங்கள் கையில் இருக்கட்டும். "ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள்: ரூம் நம்பர், அத்தான் பெயர், அவர் இறந்த தேதி, வாரிசுகள் இன்னார், இரண்டு பேர் மைனர், இவர்களைத் தவிர யார் பேரிலும் பதியக் கூடாது, யாராவது கேட்டால் எங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும். மராத்தியிலோ இந்தியிலோ எழுதி, உங்கள் நகலில் 'மனு வந்து சேர்ந்தது' என்பதற்கான இன்வார்ட் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

இறப்புச் சான்றிதழைக் காட்டினால் நோய் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறீர்கள். எடுத்துப் படித்துப் பாருங்கள், சாவுக்கான காரணம் அதில் இருக்காது. 1969-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி அதை நகலில் போடவே கூடாது. காரணம் எழுதியிருப்பது ஆஸ்பத்திரிக் காகிதங்களில்தான். அவற்றை எந்த அலுவலகத்துக்கும் எடுத்துப் போகத் தேவையில்லை.

செலவுக்கு அந்த ரூமை வாடகைக்கு விடலாம் என்று உங்கள் கணவர் சொல்வது நியாயமான யோசனையாகத் தெரியலாம். இந்த நேரத்தில் வேண்டாம். சர்வேக்காரர் வரும்போது உள்ளே இருப்பது வாடகைக்காரர் என்றால் குடியிருப்பு யாருடையது என்ற புதுத் தகராறு முளைக்கும். அதோடு, பிள்ளைகள் சொத்தைக் கையாளும் அதிகாரம் உங்கள் கணவருக்கும் இல்லை. நீங்கள் நல்லவர்கள் என்பதால் சட்டம் உங்களுக்கு விலக்குத் தராது. பூட்டைத் திறந்து மூத்தவள் அங்கே படிக்கட்டும், இரவில் நீங்களும் பிள்ளைகளும் அங்கே படுங்கள், கரன்ட் பில்லைக் கட்டிக்கொண்டே வாருங்கள். ஆள் புழங்கும் ரூமுக்குள் பெரியப்பாவால் அவ்வளவு எளிதாகப் பூட்டை மாற்ற முடியாது. உங்கள் வீட்டு நெருக்கடியும் கொஞ்சம் குறையும்.

பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா

பால கல்யாண் சமிதி என்று போர்டில் மராத்தியில் எழுதியிருக்கும் குழந்தைகள் நலக் குழுவை நினைத்துத்தான் நீங்கள் இப்படிப் பயப்படுகிறீர்கள். ஒரு தலைவரும் நாலு உறுப்பினர்களும் உட்காரும் குழு அது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான். பார்த்துக்கொள்ளச் சித்தி இருக்கும்போது, விசாரித்துவிட்டுச் சித்தியிடமே விடுவதுதான் முறை. உங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார். கூச்சமாக இருக்கும், ஆனால் அதுவே பின்னால் உங்களுக்குச் சாதகமான ஆவணம் ஆகிவிடும்.

இந்தப் படியேறுவதைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 16-வது பிரிவு, உங்கள் பிரச்சினையை நேரில் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருக்கும். எய்ட்ஸில் பெற்றோரை இழந்த பிள்ளையின் சொத்துப் பத்திரங்களைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இந்தக் குழுவிடம் ஒப்படைக்கலாம். யாராவது வெளியேற்றப் பார்த்தாலோ வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தாலோ இதே குழுவிடம் புகார் தரலாம். பிள்ளையே தரலாம், அல்லது அதன் நலனுக்காக யாரும் தரலாம். இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு தொற்று உள்ள சின்னவனுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பெற்றோரை இழந்த மூத்தவளும் இதே பிரிவில் வருவாள். உங்கள் வட்டாரத்துக் குழு எங்கே உட்காருகிறது என்பதை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்தால் சொல்வார்கள்.

அங்கே போகும்போதே உதவித்தொகையும் கேளுங்கள். மகாராஷ்டிராவின் பால சங்கோபன் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யாவில் 4,000, ஆனால் நகரத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 96,000-க்குள் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் முதல் திட்டம்தான் உங்களுக்கு ஒத்துவரும் என்று தோன்றுகிறது. இரண்டிலும் 'தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள்' என்றே விண்ணப்பியுங்கள். நோயை எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்குத் தரும் அநாதைச் சான்றிதழுக்கும் இப்போதே மனு போடுங்கள். அந்தச் சொல் உங்களுக்குக் கசக்கும், எனக்கும் கசக்கிறது. ஆனால் இந்த மாநிலத்தில் படிப்பிலும் அரசு வேலையிலும் அதற்கு 1 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது மூத்தவளுக்கு அது கைகொடுக்கும்.

பெரியப்பா சொல்லும் ஹாஸ்டல் கதையும் இதோடு முடிந்தது. தகப்பன் வழி உறவு என்பதற்காக ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் இல்லத்தில் விட்டுவிட முடியாது. அதற்குக் குழுவின் உத்தரவு வேண்டும். இல்லமும் பதிவானதாக இருக்க வேண்டும், பதிவில்லாமல் நடத்துபவருக்குச் சிறை உண்டு. வைகாசிக் கல்யாணத்துக்கும் வளைத்துப் பேசத் தேவையில்லை. 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பது குற்றம். 2006-ம் வருஷத்துச் சட்டப்படி மாப்பிள்ளை முதல் முன்னின்று நடத்துபவர் வரை 2 வருஷம் வரை சிறைக்கும் ஒரு லட்சம் வரை அபராதத்துக்கும் ஆளாகலாம். பெண்ணை ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்று அவர் வந்தால் அனுப்பாதீர்கள். வற்புறுத்தினால் அந்த நிமிஷமே 1098 அல்லது 112.

காப்பாளர் யார், தத்து வேண்டுமா

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். அதே 2017 சட்டத்தின் 32-வது பிரிவுப்படி, எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தில் குடும்பக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும், விவரம் தெரிந்த, 12 வயது முடிந்த அக்காளோ அண்ணனோ தன்னைவிடச் சின்னவர்களுக்குக் காப்பாளராக இருக்கலாம். பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, பேங்க் கணக்கு, சொத்தைப் பார்த்துக்கொள்வது வரை இதில் அடங்கும். அம்மாவும் அப்பாவும் படுத்த படுக்கையாகி, வீட்டைப் பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகள் நடத்தியதை இந்த நாடு நிறையப் பார்த்த பிறகு வந்த பிரிவு அது. பேங்க் கவுண்டரில் இருப்பவர் இதைக் கேள்விப்பட்டே இருக்க மாட்டார். அந்தப் பிரிவைப் பிரின்ட் எடுத்து மூத்தவள் பையில் வைத்திருக்கட்டும்.

ஆனாலும் என் அபிப்பிராயம், இந்தச் சுமையை முழுக்க அவள் தலையில் ஏற்ற வேண்டாம். அவளுக்குப் பரீட்சை இருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் பள்ளியிலும் அவசரத்துக்கு அவள் கையெழுத்து உதவட்டும். முறையான காப்பாளராக நீங்கள் பாந்திரா குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்யுங்கள். சொத்து சம்பந்தமாக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தாலும் பணத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது சட்டம். 15100 என்ற எண்ணில் சட்ட உதவிக் குழுவைப் பிடிக்கலாம். கோர்ட்டில் பேர் வெளியே வந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 1997-லேயே இதே மும்பை உயர் நீதிமன்றம், தொற்று இருப்பதற்காக வேலை மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் பெயரை மறைத்து 'எம்.எக்ஸ்.' என்று மட்டும் குறிப்பிட்டுத் தீர்ப்பு எழுதியது. இப்போது 2017 சட்டத்தின் 34-வது பிரிவில் அது கேட்டுப் பெறக்கூடிய உரிமை ஆகிவிட்டது.

தத்து எடுப்பது உங்கள் மனசுக்கு நல்லது, இந்த வழக்குக்கு அவசரமில்லை. இந்துத் தத்துச் சட்டப்படி ஏற்கெனவே மகன் இருப்பவர் இன்னொரு மகனைத் தத்து எடுக்க முடியாது. உங்களுக்கு 5 வயது மகன் இருக்கிறான். இளைஞர் நீதிச் சட்டத்தில் உறவினர் தத்துக்கு வழி உண்டு, அம்மாவின் தங்கை என்ற முறையில் நீங்கள் அதில் வருவீர்கள். ஆனால் சின்னவனை மட்டும் தத்து எடுத்தால் காகிதத்தில் அக்காளும் தம்பியும் வேறு வேறு குடும்பம் ஆகிவிடுவார்கள். நான் செய்ய மாட்டேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தொற்றோடு வாழும் அம்மா அப்பா யாராவது இருந்தால், அதே 2017 சட்டத்தின் 33-வது பிரிவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு முடியாமல் போனாலும் இறந்தாலும் பிள்ளைக்கு இன்னார் காப்பாளர் என்று இப்போதே உயில் எழுதி வைக்கலாம். இந்தச் சகோதரியின் அக்கா அதை எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி எழுதப்பட்டிருக்காது.

யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது

பள்ளியில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லச் சொல்லி யாரும் உங்களை நெருக்கவும் முடியாது. மாதாமாதம் ஏன் லீவு என்று டீச்சர் கேட்டால், "ஒரு மருந்து ரொம்ப நாள் சாப்பிட வேண்டியிருக்கு, சயானில் பார்க்கிறோம்" என்றால் போதும், அது பொய்யும் இல்லை. 2003-ல் கேரளத்தில், பெற்றோரை எய்ட்ஸில் இழந்த அக்காளையும் தம்பியையும் பள்ளியில் உட்கார வைக்க மறுத்தார்கள். அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அந்தப் பிள்ளைகளைக் கட்டி அணைத்த படம் நாடு முழுவதும் வந்தது. அன்றைக்கு அவர்களுக்கு ஓர் அமைச்சரின் கை தேவைப்பட்டது. இன்று பள்ளி மறுத்தால், அந்த 2017 சட்டப்படி புகார்களை விசாரிக்க மாநில அரசு நியமிக்கும் ஆம்பட்ஸ்மன் என்ற அதிகாரியிடம் புகார் தரலாம், 30 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். புகார் தருவது எப்படி என்று 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணில் கேளுங்கள், தமிழிலேயே பேசச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள்.

பெரியப்பாவின் மிரட்டலுக்கும் பதில் அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது. தொற்று உள்ளவர்கள் மேலோ அவர்களோடு வாழ்ந்தவர்கள் மேலோ வெறுப்பு வரும்படி பேசிப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதை அவரிடம் கத்திச் சொல்ல வேண்டாம். அவர் மிரட்டிய தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள்.

மாமியார் தனித் தட்டு, தனி சோப்பு வைத்திருப்பதைப் பற்றி எழுதும்போது அவரைத் திட்டாமல் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்தது. பேரனுக்கு வந்துவிடுமோ என்று அந்த அம்மா பயப்படுகிறார். தட்டு, சோப்பு, கக்கூஸ், கொசு, கட்டிப்பிடித்துத் தூங்குவது எதிலும் இது ஒட்டாது. நாம் சொன்னால் கேட்க மாட்டார். அடுத்த முறை மாத்திரை வாங்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போய் கவுன்சிலர் முன்னால் உட்கார வையுங்கள், அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். அங்கே பையனை ஒவ்வொரு முறையும் எடை போடுகிறார்களா என்றும் பாருங்கள், எடை ஏற ஏற மருந்தின் அளவு மாறும். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வைரல் லோடு ரிசல்ட்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, பையன் கேட்ட கேள்வி. 'சத்து மாத்திரை' என்று சொல்லிக் கொடுத்து வருகிறீர்கள். "அம்மாவும் இதே சத்து மாத்திரைதானே சாப்பிட்டாங்க, அப்புறம் ஏன் செத்தாங்க?" என்று கேட்டிருக்கிறான். நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

சகோதரி, அவன் பாதிக்கு மேல் கண்டுபிடித்துவிட்டான். பள்ளிக்குப் போகும் வயதில் பிள்ளைகளுக்குத் தங்கள் நிலையைப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே வழிகாட்டியிருக்கிறது. நான் வக்கீல், இதை எப்படிச் சொல்வது என்பதில் கவுன்சிலர் என்னைவிடத் தேர்ந்தவர், தேதி குறித்து அவரோடு உட்காருங்கள். ஆனால் அதுவரை பொய் மேல் பொய் அடுக்க வேண்டாம். அவன் இப்போது போடும் கணக்கு, மாத்திரை சாப்பிட்டால் சாவு வரும் என்பது. இந்தக் கணக்கோடு 14, 15 வயதுக்கு வந்தால் மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன் என்பான். உங்கள் அக்கா ஊருக்குப் போயிருந்தபோது மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லலாம். "அம்மாவால நடுவுல மாத்திரை சாப்பிட முடியாமப் போச்சு, அதனாலதான் உடம்புக்கு முடியாம ஆச்சு. நீ விடாம சாப்பிடுறே." இவ்வளவு போதும் இப்போதைக்கு. அம்மா மேல் தப்பு என்று அவன் காதில் விழாதபடி சொல்லுங்கள். நோயின் பெயரைக் கேட்டால், "அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் மேடம் சொல்வாங்க, நானும் பக்கத்துல இருப்பேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி இருங்கள். மூத்தவளுக்கு எவ்வளவு தெரியும் என்றும் கேட்டுவிடுங்கள். அனேகமாக அவளுக்கு எல்லாம் தெரியும்.

இந்தப் பதில் உங்கள் கைக்கு வருமுன்பே கையெழுத்து ஆகியிருந்தாலும் பதற வேண்டாம். தாளைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடாதீர்கள். முடிந்தால் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே 15100-ல் பேசி, சட்ட உதவி வக்கீல் மூலமாகப் பெரியப்பாவுக்கும் திட்ட அலுவலகத்துக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். கையெழுத்துப் போட்டவள் மைனர் என்பதற்கு அவள் பிறப்புச் சான்றிதழை நோட்டீஸோடு இணையுங்கள். அதன் நகல் ஒன்றைக் குழந்தைகள் நலக் குழுவிலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.